பாலிசியை முன்னாடியே படிங்க: சேலத்துத் தறிக்கும் கடைக்கும் மலைவீட்டுக்கும் காப்பீடு

பெரியப்பாவின் தறிக்கூடம் கொண்டலாம்பட்டிப் பக்கம் இருக்கிறது. எட்டு விசைத்தறி. மூன்று வருஷத்துக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, நள்ளிரவில் ஒரு தறி மோட்டாரில் பொறி தட்டி, கீழே சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியில் பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்து அடக்குவதற்குள் மூன்று தறியும், பரண்மேல் அடுக்கியிருந்த சேலைக் கட்டுகளில் பாதியும் போய்விட்டன. காலையில் நான் போனபோது பெரியம்மா வாசலில் உட்கார்ந்து, கரித்தண்ணீர் ஊறிய நூல் சிட்டங்களை ஒவ்வொன்றாகப் பிழிந்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். "இதுல நாலாச்சும் தேறுமா பாரு கண்ணு" என்றார். விரலிடுக்கில் கருப்பாக வழிந்துகொண்டே இருந்தது.

பெரியப்பா மட்டும் தைரியமாக இருந்தார். "இன்சூரன்ஸ் இருக்குது. லோன் கொடுத்தப்பவே பேங்க்ல போட்டுட்டாங்க" என்று பீரோவிலிருந்த மஞ்சப்பையை எடுத்து வந்தார். பாலிசி கவருக்குள்ளேயே ஒட்டினபடி இருந்தது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியிருக்கிறார். ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. நான்தான் பிரித்துப் படித்தேன். படிக்கப் படிக்க மூன்று இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மூன்று இடத்தையும் முன்னாலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன். தறி வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், ஏற்காட்டில் ஒரு வீடு கட்டிப் போட்டிருப்பவர் யாராக இருந்தாலும் இது உங்களுக்கு ஆகும்.

முதலில் காப்பீடு என்றால் என்ன என்பதை நம்மூர் ஏலச்சீட்டை வைத்துப் பார்க்கலாம். சீட்டில் இருபது பேர் மாதாமாதம் கட்டுகிறோம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுக்கிறார். கடைசியில் எல்லாருக்கும் முறை வந்துவிடும். காப்பீட்டிலும் நிறையப் பேர் கட்டுகிறோம். ஆனால் நஷ்டப்பட்டவருக்கு மட்டும்தான் பணம் போகும். நம் முறை வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டுகிற சீட்டு இது. அதனால் "பத்து வருஷம் கட்டினேன், ஒரு ரூபாய் திரும்பல" என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. அந்தப் பத்து வருஷமும் உங்கள் தறிக்கூடம் நின்றதே, அதுதான் பலன்.

இன்னொரு அடிப்படை: காப்பீட்டில் லாபம் பார்க்க முடியாது. எவ்வளவு நஷ்டமோ அவ்வளவுக்குத்தான் ஈடு. 10 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 20 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால் 20 லட்சம் வராது. அதிகப் பிரீமியம்தான் வீண். ஆனால் குறைத்து எடுத்தால் நடப்பது இதைவிட மோசம். பெரியப்பாவுக்கு விழுந்த முதல் அடி அதுதான்.

குறைத்துப் போட்ட தொகை

வங்கி அவருக்குக் கொடுத்த கடன் 24 லட்சம். பாலிசியும் 24 லட்சத்துக்கே போட்டிருந்தார்கள். வங்கிக்கு வேண்டியது அதன் கடன் பத்திரமாக இருப்பது. அதற்கு 24 போதும். ஆனால் தறியும், சேலையில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டும், நூலும் சேலையும் சேர்த்து உள்ளே இருந்த மதிப்பு 40 லட்சத்துக்குக் குறையாது. தீயில் போனது ஏறக்குறைய 10 லட்சம். பெரியப்பாவின் கணக்கு எளிமையானது: "24 லட்சத்துக்குப் போட்டிருக்குது, போனது 10 தானே, முழுசா வந்துரும்." கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும்.

காப்பீட்டின் கணக்கு வேறு. 40 லட்சம் மதிப்புள்ள பொருளை 24 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், நூற்றுக்கு 60 பங்குதான் கம்பெனியின் பொறுப்பு, மீதி 40 பங்குக்கு நீங்களே காப்பாளர் என்று பொருள். அந்த 60 பங்கு எந்த நஷ்டத்துக்கும் பொருந்தும், சின்ன நஷ்டத்துக்கும்கூட. அதனால் 10 லட்சத்தில் 6 லட்சம். அதிலும் நஷ்டஈடு கேட்கிற ஒவ்வொரு கிளெய்மிலும் பாலிசிதாரர் தாமே ஏற்க வேண்டிய ஒரு சிறு தொகை கழியும். கணக்கைச் சுருக்கிச் சொல்கிறேன். நிஜத்தில் கட்டடம், எந்திரம், சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகவே இந்த விகிதத்தைப் பார்ப்பார்கள். ஒன்றில் கூட்டி ஒன்றில் குறைத்து எழுதினால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிக்கட்ட முடியாது.

சிறு தொழில்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய மூன்று பாலிசிகளைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா. ஓரிடத்திலுள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி வரை இருக்கும் தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இந்தத் தொழில் பாலிசிகள் இரண்டிலும் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள். 40 லட்சத்துக்கு 34 லட்சம் போட்டிருந்தால் பெரியப்பாவுக்குக் கழிவே இல்லை. அவர் விட்ட இடைவெளி 40 சதவீதம்.

வீட்டுப் பாலிசி இன்னும் தாராளமானது. கிருஹ ரக்ஷாவில், தொகையைக் குறைத்துப் போட்டதற்கான அந்தக் கழிவு கிடையாது. கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தாலே வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். பத்து வருஷம் வரை ஒரேயடியாக எடுக்கவும் வழி இருக்கிறது.

வீட்டுக்குத் தொகை போடும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அஸ்தம்பட்டியில் ஒரு வீடு 90 லட்சத்துக்கு விலை போகும் என்றால், அதில் பெரும்பகுதி மனையின் விலை. மண் எரியாது. காப்பீடு கட்டடத்துக்கு மட்டும்தான்; இன்றைக்கு அதே வீட்டை அதே அளவில் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதுதான் தொகை. மேஸ்திரி சதுர அடிக்குச் சொல்லும் இன்றைய ரேட்டைப் பரப்பால் பெருக்குங்கள். பத்திரத்தில் உள்ள தொகையையோ பத்து வருஷத்துக்கு முன் கட்டிய செலவையோ எழுதாதீர்கள்.

தொழிலில் சரக்குக்கு என்ன எழுதுவது? வருஷத்தில் சரக்கு உச்சத்தில் இருக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். தறிக்காரருக்கு அது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்கள். சித்திரையில் பாலிசி புதுப்பிக்கும்போது கண்ணில் படுகிற காலிப் பரணைப் பார்த்து எழுதினால் ஐப்பசியில் மாட்டிக்கொள்வோம்.

எது சேரும், எது சேராது

பாலிசியில் நிறையவே அடங்கும். தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், மண்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, வண்டி வந்து மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து ஒழுகுவது. இவற்றில் ஒன்று நடந்து, அதைச் சாக்காக வைத்து ஏழு நாளுக்குள் யாராவது பொருளைத் திருடிப் போனாலும் சேரும். திருமணிமுத்தாறு பெருக்கெடுத்துக் கடைக்குள் தண்ணீர் புகுந்து மூட்டைகள் நனைந்தால் அது வெள்ளக் கணக்கு. வருஷக்கணக்காகச் சுவரில் ஓதம் ஏறி மூட்டை பூசணம் பிடித்தால் அது பராமரிப்புக் குறை, காப்பீடு அதற்கில்லை.

இனி பெரியப்பாவுக்கு விழுந்த இரண்டாவது அடி. பொறி கிளம்பிய அந்த மோட்டாருக்குப் பணம் இல்லை என்றார், நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர். "அதாலதானே தீயே புடிச்சுது" என்று பெரியப்பா திகைத்து நின்றார். ஆனால் விதி அப்படித்தான். அதிக மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட், தானே சூடேறுவது என்று ஒரு மின் எந்திரம் தன் கோளாறால் கெட்டால், அந்த எந்திரத்துக்கு மட்டும் தீ பாலிசி பொறுப்பேற்காது. அதிலிருந்து தீ பரவி எரிந்த மற்றதெல்லாம் சேரும். இந்த வித்தியாசத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ஷார்ட் சர்க்யூட்டா, அப்ப கிளெய்மே கிடையாது" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். போவது ஒரு மோட்டார்தான். அந்த மோட்டாரும் வேண்டுமென்றால் எந்திரப் பழுதுக்கென்று தனிப் பாலிசி இருக்கிறது.

இதே மாதிரி இன்னொரு சங்கதி ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குவித்து வைத்த பொருள் உள்ளுக்குள்ளேயே புளித்தோ தானாகச் சூடேறியோ கருகினால், அந்தப் பொருளுக்கு ஈடு உண்டா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். உங்கள் பாலிசியில் உண்டா, இல்லையென்றால் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று எடுக்கும்போதே கேளுங்கள்.

மூன்றாவது அடிதான் என்னை ரொம்பவும் வாட்டியது. எரிந்த பாவு நூலில் ஒரு பகுதி பெரியப்பாவுடையதே இல்லை. இளம்பிள்ளை வியாபாரி ஒருவர் கூலிக்கு நெய்யக் கொடுத்தது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள், பாலிசியில் அப்படியென்று தனியே எழுதப்படாவிட்டால் பொதுவாகச் சேராது. சேலத்தில் பாதித் தொழில் இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. செவ்வாய்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைக்காரர் வியாபாரியின் வெள்ளியை வாங்கி, கம்பி இழுத்து, கொலுசாக்கித் திருப்பிக் கொடுக்கிறார். பட்டறையில் இருக்கும் வெள்ளியின் விலை பட்டறையின் விலையைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் அது அவருடையது அல்ல. போனால் கொடுக்க வேண்டியவர் மட்டும் அவர். கட்டி வெள்ளியும் சாதாரணத் தீ பாலிசியில் தானாகச் சேருவதில்லை. வெள்ளி, தங்கத் தொழிலுக்கென்றே ஜுவல்லர்ஸ் பிளாக் என்று தனிப் பாலிசி உண்டு. பட்டறையில் இருப்பது, வழியில் எடுத்துப் போவது இரண்டையும் அதில் எழுதிக்கொள்ளலாம். கூலிக்கு வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும், "பிறர் ஒப்படைத்த சரக்கும் சேர்த்து" என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். பெரியப்பா அந்த நூலுக்கான பணத்தை இரண்டு வருஷம் கூலியில் கழித்துத்தான் தீர்த்தார்.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீ பாலிசி வேறு, திருட்டுப் பாலிசி வேறு. திருட்டுப் பாலிசியிலும் பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ வலுவில் நுழைந்த தடயம் வேண்டும். திறந்திருந்த கடையில் யாரோ எடுத்துப் போனால் சேராது. வேலையாள் கையாடினால் அதற்கு வேறு பாலிசி. கடைக்காரர்களுக்கு இவற்றில் பலவற்றை ஒரே கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் பாலிசிகளும் இருக்கின்றன. எரிந்த பொருளுக்குப் பணம் வந்தாலும் கடை மூடிக் கிடந்த மாதங்களின் வருமானம் வராது; அதற்கு லாப இழப்புக் காப்பீடு என்று ஒன்று தனியாக எடுக்க வேண்டும்.

மலைமேல் வீடு வைத்திருப்பவர்களுக்கு

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர்களுக்கு 2024 டிசம்பர் தொடக்கம் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. அதற்கப்புறம்தான் மேலே வீடு வைத்திருக்கும் பலரும் மண்சரிவுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். உண்டு. ஆனால் விலக்குகளை நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

புதுக் கட்டடம் அமர்ந்து சுவரில் விரிசல் விட்டால் அது மண்சரிவு ஆகாது. கொட்டி நிரப்பிய மண் இறங்கினால் சேராது. கட்டியதில் குறை, தரமில்லாத பொருள் என்றால் சேராது. கட்டுமானத்தாலோ, நீங்கள் தோண்டியதாலோ, மாற்றிக் கட்டியதாலோ சரிந்தால் சேராது. இந்தக் கடைசி வரியை ஏற்காட்டோடு வைத்துப் பாருங்கள். சரிவில் இடம் வாங்குகிறோம். ஜேசிபி விட்டு மேல்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமதளம் ஆக்குகிறோம். பாதி வீடு வெட்டிய மண்ணில், பாதி வீடு கொட்டிய மண்ணில் நிற்கிறது. மழையில் கீழ்ப்பாதி இறங்கினால் சர்வேயர் முதலில் பார்ப்பது அதைத்தான். மலையில் கட்டும்போது தாங்குசுவருக்கும் தண்ணீர் வடிய வழிவிடுவதற்கும் செலவழிக்கிற பணம் வீட்டைக் காப்பதோடு கிளெய்மையும் காக்கும். கட்டும்போதே மண்ணின் நிலை, அஸ்திவாரம், தாங்குசுவர் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைவீடுகளுக்கு இன்னும் இரண்டு சங்கதி. வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் இருக்கும் கட்டடத்துக்குப் பாலிசி பாதுகாப்பு தொடர கம்பெனியின் சம்மதம் வேண்டும். அடுத்தது, குடியிருக்க என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஹோம்ஸ்டேவாக வாடகைக்கு விடுவது. கிருஹ ரக்ஷா குடியிருக்கும் வீட்டுக்கானது. சுற்றுலாக்காரருக்கு அறை விடுவது தொழில். அப்படியே எழுதி அதற்கான பாலிசியை வாங்குங்கள். காபித் தோட்டக்காரருக்கு ஒரு வார்த்தை: களஞ்சியத்தில் மூட்டையாக இருக்கும் காபியும் மிளகும், பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரமும், கட்டடமும் இந்தப் பாலிசிகளில் சேரும். செடியில் நிற்கும் காபிக்கு இது ஆகாது.

எழுதிக் கொடுத்ததுதான் பாலிசி

நான் பார்த்தவரை, கிளெய்ம் தோற்பது நஷ்டம் வந்த நாளில் அல்ல. பாலிசி கேட்டு நாம் எழுதிக் கொடுக்கும் புரபோசல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே தோற்றுவிடுகிறது. ஏஜெண்ட் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடுங்கண்ணா, மத்தத நான் எழுதிக்கிறேன்" என்பார். நாமும் போட்டுவிடுவோம். அவர் கூரை கான்கிரீட் என்று எழுதுவார். இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கடை என்று எழுதுவார்; பின்னால் சாயப் பொருள் அடுக்கியிருக்கும். அந்தப் படிவத்தை நம்பித்தான் கம்பெனி பொறுப்பேற்கிறது. அதில் உள்ள தவறு யார் கைப்பட எழுதியது என்பதைவிட, கீழே யார் கையெழுத்து என்பதுதான் நிற்கும்.

அதனால் உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிரப்பிய படிவத்தின் நகலைத் தர வேண்டியது கம்பெனியின் கடமை. பாலிசியோடு முக்கிய விவரங்களை எளிய சொற்களில் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளையும் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் பெயர், முகவரி, கதவு எண், தொகை, தொழிலின் விவரம் எல்லாவற்றையும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் எழுதிக் கொடுத்துத் திருத்தம் வாங்குங்கள். இடையில் இன்னும் நாலு தறி வாங்கினாலும், பக்கத்துக் கட்டடத்தைக் குடோனாக எடுத்தாலும் அதையும் எழுதிச் சேர்க்க வேண்டும். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பொறுப்பு தொடங்கும். ஏஜெண்ட் கையில் பணம் கொடுத்ததோடு நிம்மதியாகிவிடாமல் ரசீதைப் பாருங்கள். தனிநபராக எடுத்த பாலிசி பிடிக்கவில்லை என்றால், அதில் கிளெய்ம் எதுவும் வாங்காதவரை, காரணம் சொல்லாமலே ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம்.

வங்கிக் கடனோடு வரும் பாலிசியிலும் இதையெல்லாம் கேட்கலாம். பாலிசியின் நகலை வாங்குங்கள். தொகை கடனுக்கா சொத்துக்கா என்று பாருங்கள். வங்கியின் பெயர் அதில் இருப்பதால் கிளெய்ம் பணம் முதலில் கடன் கணக்குக்குப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நஷ்டம் வந்தால்

முதலில் உயிர், 101க்கோ 112க்கோ அழையுங்கள். அடுத்து, மேலும் சேதமாகாமல் தடுக்க வேண்டியதைச் செய்யுங்கள். ஆனால் எரிந்ததை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பெரியம்மா சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டார்; நல்லவேளையாக அதற்குள் என் தம்பி போனில் ஒவ்வொரு மூலையையும் வீடியோ எடுத்திருந்தான். சர்வேயர் வந்து கருகிய கட்டுகளைக் கம்பியால் புரட்டி, ஓரங்களைப் பிரித்து மடிப்புகளை எண்ணினார். எண்ணிக்கைக்குச் சாட்சி அந்தச் சாம்பல்தான். கம்பெனிக்கு அன்றைக்கே போனிலும் எழுத்திலும் தெரிவியுங்கள். தீயணைப்புத் துறையின் சான்றிதழ், தேவையென்றால் போலீஸ் புகார், கொள்முதல் பில், ஜிஎஸ்டி கணக்கு, சரக்கு இருப்பைக் காட்டி வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எல்லாம் உதவும். இவற்றின் நகலைத் தறிக்கூடத்துக்கு உள்ளேயே வைக்காதீர்கள். போனிலோ இன்னொரு வீட்டிலோ இருக்கட்டும்.

2024இல் வந்த விதிகளின்படி, நஷ்டத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனி சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையைச் சர்வேயரிடமிருந்து வாங்குவது கம்பெனியின் பொறுப்பு. "சர்வேயர் இன்னும் தரல" என்று உங்களை அலைக்கழிக்க முடியாது. காகிதம் ஒன்று குறைகிறது என்பதற்காக மட்டும் கிளெய்மைத் தள்ளவும் கூடாது. கிளெய்முக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டதை மட்டுமே கேட்கலாம். தள்ளினால் பாலிசியின் எந்த வாசகத்தின்படி என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணிக்கையில் எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

எங்களுக்கு அந்த நகல்தான் கைகொடுத்தது. கைப்பட எழுதிய சரக்குப் பதிவேடு எரிந்துபோனதால் சேலைக் கட்டுகளில் ஒரு பகுதியைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதில் இருந்தது. அதோடு, முழுமையான இறுதித் தொகையாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு சீட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். பணமுடை, போட்டால்தான் கையில் காசு. பெரியப்பா போட்டார். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டாலே எல்லாம் முடிந்தது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஐஆர்டிஏஐ 2015லேயே சொல்லிவிட்டது: அப்படிக் கையெழுத்திடுவது, அதிகத் தொகை கேட்டு முறையிடும் உரிமையைப் பறிக்காது. முடிந்தால் "தொகையில் உடன்பாடில்லை, உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன்" என்று எழுதிப் போடுங்கள். ஒரு கடிதமும் அனுப்பி வையுங்கள்.

நாங்கள் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் நூல் வாங்கிய பில்களையும் இணைத்துக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். அவர்கள் 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்களுக்கு அந்தப் படியிலேயே விட்டுப்போன கட்டுகள் கணக்கில் ஏறின. விகிதக் கழிவு மட்டும் அப்படியே நின்றது. அது எங்கள் தவறு, அதைக் கேட்க எங்களுக்கு வழியில்லை.

அங்கே தீராவிட்டால் பீமா பரோசா என்ற ஐஆர்டிஏஐயின் இணையதளத்தில் பதியலாம். 155255 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். அதற்கு மேலே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், புகாரைத் தபாலிலோ ஆன்லைனிலோ அனுப்பலாம். 50 லட்சம் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிக்க முடியும். தனிநபர் பாலிசி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். தனி உரிமையாளர் தொழிலும் குறுந்தொழிலும் போகலாம். முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாகப் படாவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. அவர் தீர்ப்புக் கொடுத்தால் கம்பெனி 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அது போதவில்லை என்றால் மேலே போகத் தடையில்லை.

அடுத்த வழி, சேலத்திலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். தொழிலுக்கு எடுத்த பாலிசி என்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று சில சமயம் எதிர்வாதம் வரும். 2023இல் நேஷனல் இன்சூரன்ஸ், ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: இழப்பை ஈடுகட்டத்தான் காப்பீடு எடுக்கிறார்கள், லாபம் சம்பாதிக்க அல்ல, அதனால் வியாபார நிறுவனமும் நுகர்வோர்தான்.

பெரியப்பாவின் தறிக்கூடம் இப்போது மறுபடி ஓடுகிறது, ஆறு தறியோடு. புது வயரிங் போட்டு, ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி பிரேக்கர் வைத்திருக்கிறார். மஞ்சப்பை மாறவில்லை, ஆனால் அதற்குள் பாலிசி பிரித்த கவரோடு இருக்கிறது. கூலிச் சரக்கு என்ற வரியில் பெரியம்மா சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருக்கிறார். போன புரட்டாசியில் பெரியப்பா போன் பண்ணினார். "பரண் நிறையுது கண்ணு. தொகைய ஏத்தி எழுதணும், லெட்டர் போட்டுக் குடுக்கறியா?"